ஹனிமாதூவுக்கு ஒன்றேகால் மணி நேரம்

1. போயிருச்சு மேடம்

புதன்கிழமை சாயங்காலம் ஆறு இருபதுக்கு அந்த போன் வந்தது. கம்ப்யூட்டரை அணைத்துவிட்டுக் கிளம்பலாம் என்று கைப்பையைத் தோளில் மாட்டியிருந்தேன்.

"மேடம், நான் புவனா. மாலே ஏர்போர்ட்ல நிக்கிறேன். ஹனிமாதூ பிளேன் போயிருச்சு மேடம்."

"எப்படிம்மா? உங்களுக்கு ஒன்றரை மணி நேரத்துக்கு மேல கனெக்‌ஷன் டைம் இருந்துதே?"

"எங்க பக்கம் ஒரே மழை. ரெண்டரைக்குக் கெளம்ப வேண்டிய பிளேன் நாலே முக்காலுக்குத்தான் கெளம்புச்சு. இப்பதான் வந்து எறங்குறேன். அது அஞ்சே காலுக்கே போயிருச்சாம்."

மாலத்தீவின் தலைநகர் மாலேயில் மணி நமக்கு அரை மணி பின்னால். அங்கே ஐந்து ஐம்பது. மறுநாள் காலை ஒன்பது மணிக்கு அந்தப் பெண் வடக்கே ஒரு தீவுப் பள்ளிக்கூடத்தில் இன்டர்வியூவுக்கு நிற்க வேண்டும். பயணத் திட்டம் முழுக்க நான் போட்டுக் கொடுத்தது.

கும்பகோணத்தில் ஒரு டிராவல் ஏஜென்சியில் இருபத்து நான்கு வருஷமாக டிக்கெட்டிங் பார்க்கிறேன். துபாய், மஸ்கட், கோலாலம்பூர், சிங்கப்பூர் என்று எங்கள் பக்கத்து ஆட்கள் போகிற ஊர்களுக்கெல்லாம் தூக்கத்தில் கேட்டாலும் பிளைட் டைம் சொல்வேன். கனெக்‌ஷன் தவறிப்போவதும் எனக்குப் புதிதில்லை. கை பதறாமல் பார்க்கிற வேலைதான். ஆனால் அன்று நடந்தது வேறு மாதிரி. புதிதாக இந்த வேலைக்கு வருகிறவர்கள் தெரிந்துகொள்ளட்டும் என்று இதை எழுதுகிறேன்.

2. காத்தமுத்து கேட்டது

அதற்கு மூன்று வாரம் முந்தி காத்தமுத்து எங்கள் ஆபீசுக்கு வந்தார். வேதாரண்யம் பக்கத்துக் கடற்கரை ஊர்க்காரர், சொந்தமாக ஒரு பைபர் படகு வைத்து மீன் பிடிப்பவர். அண்ணன் மகள் கல்யாணத்துக்குச் சீர்ப் பாத்திரம் எடுக்க நான்கைந்து பேராகக் கும்பகோணம் வந்திருக்கிறார்கள். எங்கள் ஆபீசுக்கு நேர் கீழே பாத்திரக்கடை. பெண்கள் குத்துவிளக்கைத் தட்டித் தட்டிப் பார்த்துக்கொண்டிருக்க, இவர் மாடியேறி வந்துவிட்டார். இரண்டு வருஷத்துக்கு முன் அவர் மகன் மதியழகனுக்கு முதல்முதல் மாலே டிக்கெட் போட்டுக் கொடுத்தது நாங்கள்தான். அந்த நினைப்பில் கையில் ஒரு பொட்டலமும் கொண்டுவந்திருந்தார்.

"அம்மா, வஞ்சிரக் கருவாடு. வீட்டுக்கு எடுத்துட்டுப் போங்க."

ஏசி அறையில் பொட்டலம் தன்னைத் தானே அறிமுகப்படுத்திக்கொண்டது. எங்கள் முதலாளி ஜாகிர் பாய் கண்ணாடி அறையிலிருந்து எட்டிப் பார்த்து, "விஜயா, யாரு வந்திருக்கா, நம்ம ஊரு ஆளா?" என்று சிரித்தார். அவருக்கு நாகூர் பக்கம்.

மதியழகன் மாலத்தீவில் கணக்கு வாத்தியார். வடக்குக் கோடியில் ஒரு சின்னத் தீவில் வேலை. கல்யாணம் ஆன கையோடு மனைவி புவனாவுக்கும் அங்கேயே வேதியியல் டீச்சர் வேலை கிடைத்தது. ஆனால் தெற்குக் கோடியில். ஒரே நாடு, ஒரே சம்பளத் தரம், ஒரே மாதிரி பள்ளிக்கூடம். பார்த்துக்கொள்வது வருஷத்துக்கு இரண்டு தடவை. புவனாவுக்குச் சொந்த ஊர் நீடாமங்கலம், என் ஊர்தான். அவள் அம்மாவைக் கடைத்தெருவில் பார்ப்பேன். "அந்தமானுக்கும் அமெரிக்காவுக்கும் கட்டிக் கொடுத்த மாதிரி ஆயிருச்சு" என்று சொல்வார்.

இப்போது மதியழகனின் பள்ளிக்கூடத்திலேயே ஒரு வேதியியல் இடம் காலியாகியிருந்தது. பிரின்சிபால், "உங்கள் மனைவியை வரச் சொல்லுங்கள். என் பிள்ளைகள் முன்னால் ஒரு பாடம் எடுக்கட்டும். வீடியோவில் எல்லாம் பார்த்து நான் ஆள் எடுப்பதில்லை" என்று சொல்லிவிட்டாராம். கிடைத்தால் இரண்டு பேரும் ஒரே வீட்டில் இருக்கலாம். கிடைக்காவிட்டால் மறுபடி எப்போது காலியாகுமோ தெரியாது.

காத்தமுத்து என் மேசை மேல் கிடந்த பேனாவை நீளவாக்கில் வைத்தார். ஒரு நுனியைத் தொட்டு, "இவன் இங்கன இருக்கான்." மறு நுனியைத் தொட்டு, "அவ இங்கன இருக்கா. இதுலேருந்து இதுக்குப் போறதுக்கு எம்புட்டு நேரம்மா ஆவும்?"

ஏர்போர்ட் பெயர்களை அவர் சட்டைப் பையிலிருந்த சீட்டில் மகன் சொல்ல எழுதி வைத்திருந்தார். தெற்கே காடெத்தூ, வடக்கே ஹனிமாதூ. நான் இரண்டையும் இன்டர்நெட்டில் தட்டினேன். இரண்டு ஏர்போர்ட்டுக்கும் நடுவில் எவ்வளவு தூரம், எவ்வளவு நேரம் என்று சொல்கிற பக்கங்கள் ஏராளம். முதலில் வந்ததைத் திறந்தேன். எழுநூறு கிலோமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. விமான நேரம் ஒரு மணி பதினைந்து நிமிடம்.

"ஒன்னேகால் மணி நேரம்தாங்க."

அவருக்கு முகமெல்லாம் மலர்ந்துவிட்டது. "அடேங்கப்பா. நாங்க வேதாரண்யத்துலேருந்து இங்க வந்து சேரவே மூணரை மணி நேரம் ஆச்சு. இம்புட்டுக் கிட்டத்துலயா ரெண்டும் உக்காந்துக்கிட்டு அழுவுதுங்க?"

அவர் கேட்டார், நான் சொன்னேன், ஒரு நிமிஷ வேலை. டீ வரவழைத்துக் கொடுத்து அனுப்பினேன்.

அவர் கீழே இறங்குவதற்குள் மகனுக்கு போன் போட்டிருக்கிறார். மகன், புதிதாக நேர் பிளைட் விட்டிருக்கிறார்கள் போல என்று நம்பிப் பிரின்சிபாலிடம் போய், "என் மனைவி புதன்கிழமை மதியம் வகுப்பை முடித்துவிட்டே வந்துவிடலாம் சார், ஒன்றேகால் மணி நேரம்தான்" என்று சொல்லியிருக்கிறான். பிரின்சிபால் வியாழன் மதியம் ஒரு பயிற்சிக்காக இரண்டு வாரம் மாலே போகிறவர். போவதற்குள் ஆளை முடிவு செய்தாக வேண்டும். "அப்படியானால் வியாழன் காலை ஒன்பது மணி" என்று குறித்துவிட்டார். நான் ஒரு ஸ்கிரீனைப் பார்த்துச் சொன்ன ஒரு வாக்கியம் கடல் தாண்டிப் போய் ஒரு பள்ளிக்கூடத்தின் நோட்டீஸ் போர்டில் ஒட்டப்பட்டுவிட்டது.

டிக்கெட் போடும்போதுதான் அந்த இரண்டு ஊருக்கும் நேர் விமானமே கிடையாது, எல்லாமே மாலே வழிதான் என்று தெரிந்தது. மதியழகனுக்கு போன் செய்து திருத்திச் சொன்னேன். "ஒன்னேகால் மணி இல்ல தம்பி, மாலேல மாறணும். மொத்தம் நாலு மணி நேரம் வச்சுக்கங்க. ஆனா அன்னிக்குச் சாயங்காலமே ஆறு மணிக்கு மேல வந்துருவாங்க."

"பரவால்ல மேடம். சாயங்காலம் வந்துட்டா போதும்."

மாலேயில் எங்களுக்கு ஒரு ஏஜெண்ட் உண்டு. அவர் மூலம் இரண்டு பிளைட்டும் போட்டு, இடினரரி என்கிற பயண விவர மெயில் வந்ததும் அப்படியே மதியழகனுக்கு பார்வர்டு செய்தேன். பெயர் சரி, தேதி சரி, பாஸ்போர்ட் நம்பர் சரி. அந்த மெயிலின் கடைசி வரியை மட்டும் நான் படிக்கவில்லை.

3. நடுவுல கடல்

இப்போது மறுபடி அந்தப் புதன்கிழமை.

புவனாவை அங்கேயே உட்காரச் சொல்லிவிட்டு மாலே ஏஜெண்டைப் பிடித்தேன். காலையில் முதல் பிளைட் ஆறு மணிக்கு, ஆனால் சீட் எல்லாம் நிரம்பிவிட்டது. அவர் ஏர்போர்ட்டில் ஆளைப் பிடித்துப் பேசி, வெயிட்லிஸ்ட்டில் போட்டு, கால் மணி நேரத்தில் ஒரு சீட்டை கன்பர்ம் செய்துவிட்டார். ராத்திரி தங்குவதற்கும் வழி கிடைத்தது. புவனாவோடு முன்பு வேலை பார்த்த கேரளா டீச்சர் ஒருவர் இப்போது மாலேயில் இருக்கிறார், நேரே வந்து கூட்டிக்கொண்டு போவதாகச் சொல்லிவிட்டார்.

எனக்கு மூச்சு வந்தது. ஆறு மணிக்குக் கிளம்பினால் ஏழுக்கு ஹனிமாதூ. ஒன்பது மணிக்கு இன்டர்வியூ. தாராளம். மதியழகனைக் கூப்பிட்டேன். அவன் ஹனிமாதூ ஏர்போர்ட் வாசலில் மனைவியை எதிர்பார்த்து நின்றுகொண்டிருந்தான். விஷயத்தைச் சொல்லி, "காலைல ஏழு மணிக்கு வந்து எறங்கிருவாங்க தம்பி. ரெண்டு மணி நேரம் கையில இருக்கு" என்றேன்.

"மேடம், ஹனிமாதூலேருந்து எங்க தீவுக்கு எப்படி வருவா?"

"ஏன், வண்டி ஒன்னும் கிடைக்காதா?"

"மேடம், நடுவுல கடல்."

இருபத்து நான்கு வருஷ அனுபவம் என்று முதல் பக்கத்தில் பெருமையாக எழுதியிருக்கிறேன். நான் பார்த்த ஏர்போர்ட் எல்லாம், ஏன், நேரில் பார்க்காமல் டிக்கெட் மட்டும் போட்ட ஏர்போர்ட்டும், வெளியே வந்தால் ரோடு இருக்கும். டாக்சி இருக்கும், பஸ் இருக்கும், ஒன்றுமில்லை என்றால் மச்சான் காரோடு நிற்பார். வெளியே வந்தால் படகுத்துறை, அதற்கப்புறம் தண்ணீர் என்று ஒரு ஏர்போர்ட்டை நான் யோசித்ததே இல்லை.

மதியழகன் சொன்னான். அவன் தீவுக்குச் சாமான் ஏற்றும் படகு ஒன்று புதன்கிழமை ஹனிமாதூ வந்து சாயங்காலம் திரும்பும். புவனாவை அதில் அழைத்துப்போக ஏற்பாடு செய்துதான் வந்திருக்கிறான். ஒரு மணி நேரக் கடல். அந்தப் படகு இன்னும் அரை மணியில் கிளம்பிவிடும். மறுநாள் காலையில் எதுவும் கிடையாது. பொதுப் படகு மதியம் இரண்டு மணிக்குத்தான்.

போனைப் பிடித்தபடியே அந்தப் பழைய மெயிலைத் திறந்தேன். கடைசி வரி இருந்தது. விமான நிலையத்திலிருந்து தீவுக்குப் படகு ஏற்பாடு இதில் சேராது, பயணி தனியாகப் பார்த்துக்கொள்ள வேண்டும். நல்ல தெளிவான இங்கிலீஷில் எழுதியிருந்தார்.

ஏஜெண்டிடம் ஸ்பீட் போட் ஏதாவது கிடைக்குமா என்று கேட்டேன். அந்தப் பக்கம் இருக்கிற நான்கைந்தும் காலையில் ரிசார்ட்டுக்குப் போகிற ஆட்களுக்காகச் சொல்லி வைத்துவிட்டார்களாம். கேட்டுப் பார்க்கிறேன் என்றார். அந்தக் குரலை எனக்குத் தெரியும். நானும் கஸ்டமர்களிடம் அப்படித்தான் சொல்வேன்.

ஜாகிர் பாய் அறையை விட்டு வந்து என் முன்னால் நாற்காலியை இழுத்துப் போட்டார். நடந்ததைச் சொன்னேன். கடைசி வரியையும் சொன்னேன்.

"சரி. தப்பு நம்ம பக்கம் இருக்கு. அவங்க வீட்டுக்குச் சொல்லியாச்சா?"

"இன்னும் இல்ல பாய்."

"சொல்லிரு. அவங்களாத் தெரிஞ்சுக்கிட்டா அசிங்கம்."

அவர் சொல்லி வாயை மூடவில்லை, போன் அடித்தது. காத்தமுத்து.

"அம்மா, மருமவ போய்ச் சேந்துட்டாளா?"

4. மூன்று பேர் ஒரே லைனில்

ஒளிக்காமல் சொன்னேன். மழையில் பிளேன் தவறியதைச் சொன்னேன். அது யார் தப்பும் இல்லை. அதற்கப்புறம் என் தப்பையும் சொன்னேன். "கடல் இருக்குன்னு எனக்குத் தெரியாதுங்க ஐயா. நான் விசாரிச்சிருக்கணும். ஒன்னேகால் மணி நேரம்னு உங்கள்ட்ட வாய்ல வந்ததைச் சொல்லிட்டேன்."

திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். நியாயமும்கூட. அவர் கேட்டது வேறு.

"எம்புட்டுத் தூரம்மா, கடல்ல?"

"ஒரு மணி நேரங்கறாங்க."

"காத்து எந்தப் பக்கம்?"

"தெரியலீங்க."

"அந்தத் தீவுல மீன் பிடிக்கிற சனம் இருக்கா?"

"அதுவும் தெரியலீங்க."

"மவனை லைன்ல போடுங்க."

கான்பரன்ஸ் கால் போட்டேன். ஸ்பீக்கரில் வைத்தேன், ஜாகிர் பாயும் கேட்டுக்கொண்டிருந்தார். மதியழகன் ஏர்போர்ட்டிலிருந்து படகுத்துறைக்கு நடந்துகொண்டிருந்தான் போல. காற்றுச் சத்தம் போனை அடைத்தது.

"ஏண்டா, காத்து மேக்கேருந்தா வருது?"

"ஆமாப்பா."

"கச்சான் காத்து. விடியக்காலைல தணிஞ்சிருக்கும். பத்து மணிக்கு மேலதான் ஏறும். ஒங்க தீவுல போட்டு வச்சிருக்கவங்க யாரு?"

"நெறய பேரு இருக்காங்கப்பா. என் கிளாஸ் புள்ளைங்க அப்பாவே ஏழெட்டுப் பேரு மீனுக்குப் போறவங்கதான்."

"பொறவு என்ன? போய்க் கேளு."

அவன் தயங்கினான். "அப்பா, அவங்கள்லாம் பேரண்ட்ஸ். என்னை சார் சார்னு கூப்புடுறவங்க. நான் போய் என் பொண்டாட்டியக் கூட்டிட்டு வர போட்டு குடுங்கன்னு கேட்டா நல்லாவா இருக்கும்? அவங்க பொழப்பக் கெடுத்த மாதிரி ஆவும்."

"நீ யாரு மவன்னு அவங்களுக்குத் தெரியுமா?"

"போட்டுக்கு நேரமாவுதுப்பா" என்றான் அவன்.

"மதி, ஒன்னத்தான் கேக்குறேன்."

"நான் சொன்னதில்லப்பா. யாரும் கேக்கல, நானும் சொல்லல."

நான் ஜாகிர் பாயைப் பார்த்தேன். அவர் மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு காத்தமுத்துவின் குரல் வந்தது. கோபமில்லை. சொல்லிக் கொடுக்கிற மாதிரி, நிதானமாக.

"சரி, அதெல்லாம் விடு. இப்ப அந்தச் சாமான் படகுலயே திரும்பிப் போயிரு. ஏர்போட்டுத் தீவுல தங்கிராத, அங்க ஒன்னை யாருக்குந் தெரியாது. தெரிஞ்ச எடத்துலதான் ஒதவி கேக்கணும். போனதும் நேரா தொறைக்குப் போ. வாத்தியாரா நின்னு கேக்காத. எங்கப்பன் முப்பத்தஞ்சு வருஷமாக் கடலுக்குப் போறான்னு சொல்லு. காலைல கடலுக்குப் போறப்ப ஒரு மணி நேரம் முன்னாடி போட்டை எடுக்க முடியுமான்னு கேளு. முடியாதுன்னா முடியாதுன்னு சொல்லுவாங்க. அதுல என்ன கொறைஞ்சிருது?"

"சரிப்பா."

"மழை கொட்டுனா எடுக்கச் சொல்லாத. வேலை போனாப் போவுது. மருமவளக் கடல்ல நனைச்சுக் கொண்டுவர வேணாம்."

"சரிப்பா."

"போட்டு கெளம்பிறப் போவுது, ஓடு."

அவன் லைனை விட்டுப் போனபின், "அம்மா, நீங்க வீட்டுக்குக் கெளம்புங்க. பஸ்ஸுக்கு நேரமாவுது" என்று என்னிடம் சொன்னார் காத்தமுத்து. தப்பு செய்தவளுக்கு அதைக் கேட்பது சிரமமாக இருந்தது.

ஜாகிர் பாய் ஷட்டரை இறக்கும்போது, "காலைல எட்டரைக்கு நான் ஆபீஸைத் தொறந்துர்றேன். நீ வந்துரு" என்றார். வழக்கமாகப் பத்து மணிக்குத்தான் திறப்போம்.

5. வியாழக்கிழமை

காலையில் நீடாமங்கலத்தில் பஸ் ஏறினேன். எங்கள் ஊர் ரயில்வே கேட்டைத் தெரிந்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. கேட் விழுந்துவிட்டது. என்ஜின் மாற்றிக்கொண்டிருந்தார்கள். பஸ்ஸுக்குள் உட்கார்ந்து மணியைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். ஏழு முப்பத்தைந்து. அங்கே ஏழு ஐந்து. இறங்கியிருக்க வேண்டும்.

ஏழு ஐம்பதுக்கு புவனா கூப்பிட்டாள்.

"மேடம், வந்து எறங்கிட்டேன். வாசல்லயே அவர் நிக்கிறார். போட்டு வந்திருக்கு மேடம்!"

"வந்துட்டுதா? யாரும்மா கொண்டுவந்தது?"

"அவரோட பத்தாம் கிளாஸ்ல படிக்கிற ஒரு பொண்ணோட அப்பா. மேடம், ஒன்னு தெரியுமா? இங்கயும் இந்தப் போட்டுக்குப் பேரு தோணிதான். டோனி டோனிங்கறாங்க. மாமாட்ட சொல்லுங்க. சிக்னல் போயிரும், நான் ஏறுறேன்."

காத்தமுத்துவைக் கூப்பிட்டுச் சொன்னேன். படகு கிடைத்த சந்தோஷத்தைவிட அந்தப் பெயர்தான் அவரைப் பிடித்துக்கொண்டது. "தோணிங்கறாங்களா? அங்கயும் தோணியா?" என்று இரண்டு தடவை கேட்டுவிட்டு, பக்கத்தில் இருந்த யாரிடமோ, "ஏ, அந்த ஊர்லயும் தோணிதானாண்டா" என்று சத்தம் போட்டார்.

கேட் திறந்தது. ஆபீஸ் போய்ச் சேரும்போது மணி ஒன்பது. அப்புறம் ஒன்றரை மணி நேரம் ஒரு போனும் இல்லை. நான் மூன்று துபாய் டிக்கெட்டும் ஒரு கேன்சலேஷனும் பார்த்தேன். எல்லாவற்றையும் இரண்டு தடவை சரிபார்த்தேன். ஜாகிர் பாய் வழக்கத்துக்கு மாறாக இரண்டாவது காபி சொன்னார். அவரும் என் போனைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

பத்தரைக்கு மேல் மதியழகனிடமிருந்து வாட்ஸப்பில் ஒரு போட்டோ வந்தது. வகுப்பறை. கரும்பலகை முன்னால் புவனா, கையில் ஒரு கண்ணாடி டம்ளர். சுடிதாரின் கீழ்ப்பகுதி முழங்கால் வரை நனைந்து ஒட்டியிருந்தது. பிள்ளைகள் எல்லோரும் அந்த டம்ளரைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பின்னாலேயே குரல்பதிவு: "மேடம், எட்டே முக்காலுக்கு வந்துட்டோம். பாடம் முடிஞ்சது. பிரின்சிபால் எடுத்துக்கறேன்னு சொல்லிட்டார்."

ஜாகிர் பாய் அதை வாங்கி மறுபடி ஒரு தடவை போட்டுக் கேட்டார். பிறகு போனை என்னிடம் கொடுத்துவிட்டு, "விஜயா, அந்த மெயில் கடைசி வரி என்ன சொன்னே? பிரிண்ட் எடுத்து வை" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார்.

மற்ற விவரமெல்லாம் விடுமுறையில் அவர்கள் இரண்டு பேரும் ஆபீசுக்கு வந்தபோதுதான் தெரிந்தது. முந்தின நாள் சாயங்காலம் தீவில் இறங்கியதும் மதியழகன் நேராகத் துறைக்குப் போயிருக்கிறான். வலையைச் சுருட்டிக்கொண்டிருந்த நான்கு பேரிடம் விஷயத்தைச் சொல்லியிருக்கிறான். மூன்று பேருக்கு வேறு வேலை. நான்காவது ஆள், அந்தப் பத்தாம் கிளாஸ் பெண்ணின் அப்பா, வலையைச் சுருட்டிக்கொண்டே கேட்டிருக்கிறார். இவன் போனில் இருந்த அப்பாவின் போட்டோவைக் காட்டியிருக்கிறான். அவர்கள் ஊர் ஆற்காட்டுத்துறை மணலில் பைபர் படகில் சாய்ந்துகொண்டு, தலையில் துண்டோடு நிற்கிற போட்டோ. அந்த மனிதர் போட்டோவைப் பெரிசாக்கி, ஆளைப் பார்க்காமல் போட்டைப் பார்த்தாராம். என்ன என்ஜின், எத்தனை பேர் போவார்கள், என்ன மீன் என்று வரிசையாகக் கேட்டாராம். மதியழகன் மீன் பெயரெல்லாம் தமிழில் சொல்ல, அவர் அவர்கள் மொழியில் சொல்ல, கடைசியில் கையால் நீளம் காட்டி ஒப்பிட்டுக்கொண்டார்களாம். அப்புறம் சொன்னாராம், "சார், இதை ரெண்டு வருஷத்துக்கு முன்னாடியே சொல்லியிருக்கலாமே. என் பொண்ணு, கணக்கு சாருக்குக் கடல்னா பயம்னு வீட்ல சொல்லிக்கிட்டிருக்கா."

காலை ஐந்தரைக்கே தோணியை எடுத்துவிட்டார். புவனாவை இறக்கிவிட்டு அப்படியே மீனுக்குப் போய்விட்டார். பாடம் முடிகிற வரை நிற்கவில்லை.

"பாடம் என்ன எடுத்தீங்கம்மா?" என்று கேட்டேன்.

"உப்பு மேடம்" என்றாள் புவனா. "கல்யாணம் ஆகி வேதாரண்யம் போனதும் மொதல்ல பார்த்தது உப்பளம்தான். வெயில்ல உப்பு பூக்குறதைப் பார்த்துக்கிட்டே நிப்பேன். அங்க புள்ளைங்க கடலுக்கு நடுவுல இருக்குதுங்க, ஆனா உப்பு பாக்கெட்ல வருது. டம்ளர்ல கடல் தண்ணிய எடுத்து, இதுலேருந்து எப்படி எடுக்கறதுன்னு ஆரம்பிச்சேன். எடுத்த பாடத்தை வழில தோணியிலதான் யோசிச்சேன். முன்னாடி தயார் பண்ணி வச்சிருந்த பேப்பரெல்லாம் நனைஞ்சு போச்சு."

ஜாகிர் பாய்க்கு அவர்கள் ஒரு பொட்டலம் மாசி கொண்டுவந்திருந்தார்கள். மாலத்தீவுக் கருவாடு, கட்டை மாதிரி இருக்கும். பாய் அதை முகர்ந்து பார்த்து, "எங்க வீட்ல இன்னிக்கு சம்பல்" என்று மேசை இழுப்பறைக்குள் வைத்துப் பூட்டினார். மதியழகன் என்னிடம் தனியாக ஒன்று சொன்னான். காத்தமுத்துவையும் ஒரு தடவை அங்கே கூட்டிப்போகப் போகிறானாம். அந்தத் தோணிக்காரர் கேட்டுக்கொண்டே இருக்கிறாராம்.

6. பாரத்தில் ஒரு வரி

அந்த இணையப் பக்கத்தைப் பிறகு ஒருநாள் மறுபடி திறந்து பார்த்தேன். அது பொய் சொல்லவில்லை. கீழே சின்ன எழுத்தில், இது நேர்கோட்டுத் தூரம், நேரம் ஓர் உத்தேசக் கணக்கு, இந்த வழியில் விமானம் ஓடுகிறது என்று அர்த்தமில்லை என்று போட்டிருந்தது. பறவைக்கு அந்தக் கணக்கு சரி. ஆள் போவதற்கு மழை, கனெக்‌ஷன், படகு, கேட் எல்லாம் சேர்த்துக் கணக்குப் போட வேண்டும். அதைப் போடத்தான் எனக்குச் சம்பளம். அதைச் செய்யாமல், ஒரு கம்ப்யூட்டர் சொன்னதை எடுத்து, நம்பி வந்த மனிதர் கையில் கொடுத்தேன். நன்றாக முடிந்தது நான் கெட்டிக்காரி என்பதால் இல்லை. எனக்குத் தெரியாத ஒரு கடலைத் தெரிந்த இரண்டு பேர் இருந்தார்கள், அதனால்.

இந்த வேலைக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான். "எவ்வளவு நேரம்?" என்று ஒருவர் கேட்டால் விமான நேரத்தைச் சொல்லாதீர்கள். அவர் வீட்டு வாசலிலிருந்து போய்ச் சேருகிற வீட்டு வாசல் வரை கேளுங்கள். தெரியாவிட்டால், தெரியாது, விசாரித்துச் சொல்கிறேன் என்று சொல்லுங்கள். மெயிலைக் கடைசி வரி வரை படியுங்கள்.

எங்கள் ஆபீஸ் புக்கிங் பாரத்தில் பெயர், பாஸ்போர்ட் நம்பர், தேதி, சாப்பாடு எல்லாம் உண்டு. நான் அதில் கடைசியாக ஒரு வரி சேர்த்தேன்: "இறங்கியபின் எப்படி? யார் வருவார்கள்?" ஜாகிர் பாய் ஒப்புக்கொண்டார். முதலில் ஜாக்கிரதைக்காகத்தான் சேர்த்தேன். ஆனால் இருபத்து நான்கு வருஷத்தில் கஸ்டமர்கள் என்னோடு பேசாததெல்லாம் அந்த ஒரு வரிக்குப் பதிலாகப் பேசுகிறார்கள்.

போன வாரம் முத்துப்பேட்டையிலிருந்து ஜொஹரா அம்மா வந்தார். மகளைப் பார்க்க ஷார்ஜா போகிறார், முதல் பயணம். பாரத்தைப் பூர்த்தி செய்துகொண்டே வந்து, கடைசி வரியில் பேனாவை நிறுத்தி, "எறங்குனதும் யாரும்மா கூப்புட வருவாங்க?" என்று கேட்டேன்.

"மருமவன் வருவாரு."

மருமகன் பெயரையும் போன் நம்பரையும் எழுதினேன். அவர் நான் எழுதுவதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"மவளுக்கும் காரு ஓட்டத் தெரியும். போன மாசம்தான் லைசென்ஸ் எடுத்துச்சு. அந்த ஊர்ல சும்மா குடுக்க மாட்டாங்களாம். நாலாவது தடவைல எடுத்துச்சு."

"அப்படியா? நல்லதாப் போச்சு."

எழுந்து கதவு வரை போனவர் திரும்பி வந்தார்.

"மருமவன் பேரை அடிச்சிருங்கம்மா. மவளே வரட்டும்."

அடித்துவிட்டு, மகள் பெயரை எழுதினேன்.